மூச்சைக் கவனிக்க முடியாத இரண்டு பேர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த ஒரு சொல்லை எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. நல்லது கெட்டது எதுவானாலும் போனிலேயே பேசி முடித்துவிடுகிற காலத்தில் இந்த மனிதர் எதற்குத் தாளையும் பேனாவையும் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். டியூட்டி முடிந்து வந்த கையோடு படிக்காதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

இங்கே மழை பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான், படி ஏறிவிடுகிறாள், இறங்கத்தான் பயப்படுகிறாள். லிஃப்ட் மறுபடியும் நின்றுபோனது. பழுது பார்ப்பவர் வந்து கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மாடிக்கு மாடி ஒரு விளக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் அறையில் அம்மா தன் தையல் மெஷினைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள், வெளிச்சம் அங்கேதான் நன்றாக வருகிறதாம். கோபித்துக்கொள்ளாதே, நீ வந்தால் எடுத்துவிடுவாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கடைசியாக என்னிடம் பேசியது உனக்கு மறந்திருக்காது. உன் வார்டில் இருந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். நான் ‘ரொம்ப சந்தோஷம்மா, இப்பதான் மனசுக்கு நிம்மதியா இருக்கு, போய் நல்லாத் தூங்கு’ என்றேன். நீ உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். அம்மா பேசி முடித்துப் போனை வைத்தபோது அவள் முகம் முகமாக இல்லை. என்ன என்று கேட்டேன். ‘அந்தப் பொண்ணு போயிடுச்சுன்னு அவ அழறா. நீங்க சந்தோஷம்னு சொல்றீங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?’ என்றாள். அம்மாடி, எனக்குக் கேட்டதெல்லாம் ‘தானா மூச்சு விட ஆரம்பிச்சா’ என்பதும் ‘டீ கேட்டா’ என்பதும்தான். மூச்சு மெஷினோடு வாரக்கணக்காகக் கிடந்த பெண், உன் வயதுக்காரி, எழுந்து டீ கேட்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சொன்னது ஒரு சொல்கூட எனக்கு விழவில்லை. நீ மறுநாள் டியூட்டிக்குப் போனபோது அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டு வேறு ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள் என்பது அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து நீ என்னைக் கூப்பிடச் சொல்வதில்லை. ‘நான் இவ்வளவு தூரம் வந்த கோபம் அப்பாவுக்கு இன்னும் தீரலையா’ என்று அம்மாவிடம் கேட்டாயாமே. உன்னை அனுப்ப எனக்கு மனமில்லை என்பது உண்மை, வழியனுப்ப வந்த இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதும் உண்மை. அதெல்லாம் வீட்டுக்கு வந்து உன் காலித் தட்டைப் பார்த்ததுமே போய்விட்டது. கோபமில்லை அம்மாடி, காது. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி மறுபடியும் எனக்கு எழுது. அவள் எப்படிப் பேசினாள், யார் வந்து பார்த்தார்கள் எல்லாம் எழுது. இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் வந்து சேரும்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், வேலையை விட்டு நின்ற பிறகுதான். அச்சகத்தில் எனக்கு ஒரு பக்கம் ஆஃப்செட் மெஷின், பின்னால் கம்ப்ரஸர், இன்னொரு பக்கம் பைண்டருடைய கட்டிங் மெஷின், இந்த மூன்றுக்கும் நடுவில் என் வாழ்நாள் போனது உனக்குத் தெரியும். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்தார்கள், அதை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலை பார்த்தோம், காதை அடைத்துக்கொண்டால் மெஷின் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும். வேலையை விட்டு வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், உள்ளே ஒரு மெஷின் நிற்கவே இல்லை. பழைய டியூப்லைட் எரிவதற்கு முன்னால் ஒரு சத்தம் போடுமே, அதை இன்னும் மெலிசாக, இன்னும் கூராக, தலைக்குள் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அது மட்டும் இல்லை, மெலிசான குரல்கள் எல்லாம் அதற்குள் போய் மறைந்துவிடுகின்றன. உன் குரல் சின்ன வயதிலிருந்தே மெலிசு. காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதனை செய்துவிட்டு, ‘நரம்பு தேஞ்சிருக்கு சார். கேக்குறதுக்குக் கருவி வச்சுக்கலாம், இந்த இரைச்சல் போகும்னு நான் சொல்ல மாட்டேன், பழகிக்கணும். தியானம் மாதிரி ஏதாவது பண்ணிப் பாருங்க’ என்றார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறதாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கே பிடிபடவில்லை.

தியானம் என்றால் என்ன என்று எனக்கு என்ன தெரியும். டயர் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு நடக்கிறது என்று பலகை பார்த்திருந்தேன், அங்கே போனேன். நடத்துகிறவர் ஒரு அம்மா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஒன்றுதான் குறை, மற்றபடி மைதானத்தில் நிற்பது போலத்தான் பேசுவார், அதனால் முதல் நாள் அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது, எனக்கும் இந்த இடம் சரிப்படும் என்று நம்பினேன். நிமிர்ந்து உட்காருங்க, கண்ணை மூடுங்க, மூச்சு வர்றதையும் போறதையும் மட்டும் பாருங்க, கொஞ்சம் கொஞ்சமா உள்ள இருக்கிற அமைதி தெரியும் என்றார். கீழே டயர் கடையும் மதிய இடைவேளைக்கு ஓய்ந்தது. எல்லோரும் அமைதிக்குள் போனார்கள், நான் அந்த டியூப்லைட்டுக்குள் போனேன். கண்ணை மூடி, வெளிச் சத்தமும் நின்றுபோனால், எனக்கு மிஞ்சுவது அது ஒன்றுதானே. மண்டை முழுவதும் அதுவாகி, மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், வியர்த்துப்போய்ச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் யாருடைய செருப்பு என்றுகூடப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று என்னுடையது, இன்னொன்று யாருடையதோ.

இதை உன் மாமாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். அவர் எதையும் முழுவதாகக் கேட்டதும் இல்லை, எதற்கும் தெரியாது என்று சொன்னதும் இல்லை. ‘மூச்செல்லாம் வேண்டாம் மச்சான், மெழுகுவத்தி ஒண்ணு ஏத்தி வச்சு இமைக்காமப் பாருங்க, அப்படியே ஆளு காணாமப் போயிடுவீங்க’ என்றார். பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளே வந்த அம்மா நான் அழுகிறேன் என்று நினைத்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள், காரணம் கேட்காமலே. பிறகு எதிர்வீட்டு மருமகள் போனில் ஒரு பெண் பேசுவதைப் போட்டுக் கொடுத்தாள், அது சொல்கிறபடி செய்தால் போதுமாம். அந்தப் பெண்ணின் குரல் உன் குரல் போலவே மெலிசு. ‘இப்போது உங்கள்’ என்பது கேட்கும், உங்கள் என்ன என்பது கேட்காது. கையா காலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் தளர்த்திக்கொண்டு கிடந்தேன். மல்லாந்து படுத்துச் செய்கிற ஒன்றையும் பார்த்தேன், அதில் நான் தூங்கியதும் குறட்டை விட்டதும்தான் பலன் என்று அம்மா சொன்னாள். உலகத்தில் எல்லோருக்கும் வருகிற ஒன்று எனக்கு மட்டும் வராது, நான் அதற்கு லாயக்கில்லாத பிறவி என்று எண்ணி விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் அச்சகத்துப் பைண்டர் இறந்துபோனார். உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள், ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெட்டித் தள்ளிய தாளில் உனக்குக் குட்டி நோட்டு தைத்துக் கொண்டுவருவாரே, அவர்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருக்கிறார், பட்டப்பகல், நல்ல வெளிச்சம், வண்டி ஊதிக்கொண்டேதான் வந்ததாம். கேட்கவில்லை போலிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். நான் போய் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா அழவில்லை, என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு சொன்னார், ‘கொஞ்ச காலமாவே ரேடியோவச் சத்தமா வச்சாத்தான் படுப்பாரு. ஏங்க இப்படின்னு கேட்டா, பாட்டு புடிக்குதுன்னு சொல்வாரு. அவருக்கு எப்பங்க பாட்டு புடிச்சுது?’ எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் அந்த டியூப்லைட் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்தடுத்து நின்று வேலை பார்த்தவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், அவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். தெருவைத் தாண்டப் பயம். பின்னால் வண்டி வருகிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலி. சவரம் செய்யவில்லை. அம்மா பேசினால் சுவரைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். பைண்டர் என்ன நினைத்துக்கொண்டு அந்தத் தண்டவாளத்துக்குப் போனார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்து நினைத்து அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம் போல ஆகிவிட்டது. உனக்கு இதை எழுதுவது பயமுறுத்துவதற்கு இல்லை. அப்படி ஒரு நிலைமையில் இருந்தவனிடம்தான் நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய், அவன்தான் சந்தோஷம் என்றான்.

‘உங்களுக்கு என்னதான் ஆச்சு’ என்று உன் அம்மா கேட்ட மறுநாள் மறுபடி டயர் கடை மாடிக்குப் போனேன். தியானம் கற்றுக்கொள்ளப் போகவில்லை, வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். வகுப்பு நடத்துகிற அந்த அம்மா தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ‘நீங்கதானா அந்தச் செருப்பு?’ என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், பைண்டர் வரைக்கும். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘எனக்கு இதுல அனுபவம் இல்ல சார், தெரியும்னு சொன்னா அது பொய். முதல்ல அந்த டாக்டர்கிட்டப் போயி, சத்தம் மட்டும் இல்ல, மனசும் சரியில்லைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அதுக்கு அப்புறம் இங்க வாங்க. மூச்சு ஒரு புடிமானம், அவ்வளவுதான். பஸ்ல நிக்கிறப்ப ஒரு கம்பி கைக்கு எட்டலைன்னா வேற கம்பியைப் புடிக்க மாட்டோமா? கண்ணையும் மூட வேண்டாம், ஜன்னலையும் மூட வேண்டாம்’ என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். ‘உங்க உடம்புல அந்தச் சத்தம் போய்ச் சேராத இடம் எது?’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு. யோசிக்காமல் ‘உள்ளங்கால்’ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குப் புரியாது. அச்சகத்தில் மெஷின் ஓடும்போது தரை அதிரும். தாள் ஒழுங்காகப் போகிறவரை அந்த அதிர்வு ஒரே சீராக இருக்கும், மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துவிட்டால் காதுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் மெலிசான செருப்புத்தான் போடுவோம். அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, ‘அப்ப உக்காராதீங்க, நடங்க’ என்றார். வெறுங்காலோடு, மெதுவாக, எங்கேயும் போய்ச்சேர வேண்டாம் என்று நடப்பது. குதிகால் தரையில் படுவது, பாதம் பரவுவது, விரல் அழுந்துவது, மறு கால் எழுவது, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. மனம் எங்காவது ஓடினால் திட்டாமல் காலுக்குக் கூட்டிவர வேண்டும். இரைச்சல் கேட்டால் கேட்கட்டும், அதை விரட்டவும் வேண்டாம், உபசரிக்கவும் வேண்டாம். டாக்டரிடமும் போய்ச் சொன்னேன், அவர் மனசுக்குப் பார்க்கிற வேறொரு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார், அந்த டாக்டர் மாத்திரை தருகிறார், பேசச் சொல்லிக் கேட்கிறார், போய்க்கொண்டிருக்கிறேன்.

நம் மாடி வராந்தாவில் காலையில் நடக்கிறேன். முதலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து ‘என்ன சார் தேடுறீங்க, சாவியா?’ என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். இப்போது பழகிவிட்டது, என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இதனால் எனக்கு ஏதோ பெரிய அமைதி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பல நாள் வெறும் நடைதான், கால் குளிரும், பைண்டர் ஞாபகம் வரும், பாதியில் நிறுத்திவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். ஆனால் போன வாரம் ஒரு நாள், தரை ஈரமாக இருந்தது, பாதத்தில் அந்தச் சில்லிப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தவன், திடீரென்று, இவ்வளவு நேரம் இரைச்சலை மறந்திருந்தேனே என்று நினைத்தேன். நினைத்த உடனே அது வந்துவிட்டது. வரட்டும் என்று நடந்தேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நீ தூங்குவதில்லை, தியானம் செய்து பார்த்து அதுவும் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். ‘மூச்சைக் கவனிக்க உக்காந்தா எனக்கே மூச்சு முட்டுதும்மா, நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்றாயாம். அம்மாடி, நாள் முழுக்க அடுத்தவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கிறவள் நீ. ஒரு மூச்சு தவறினால் ஓடுகிறவள். வீட்டுக்கு வந்து கண்ணை மூடி உன் மூச்சையே கவனித்தால் அது ஓய்வாகுமா, அதுவும் டியூட்டிதானே. மூச்சு உனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான், நீ ஒத்துவராதவள் இல்லை. வேறு எதையாவது பார். அங்கே நீ ஓயாமல் கை கழுவுவாய் அல்லவா, வீட்டுக் குழாயில் ஒரு முறை, அவசரமில்லாமல், தண்ணீர் மணிக்கட்டில் விழுவதையும் விரலிடுக்கில் இறங்குவதையும் மட்டும் கவனித்துப் பார். அதுவும் வார்டை ஞாபகப்படுத்தினால் விட்டுவிடு. ஜன்னலில் நின்று எதிர்ச் சுவரின் நிறத்தைப் பார். நட. எது உன்னைக் கொஞ்சம் இளக்குகிறதோ அதுதான் உன்னுடையது, கொஞ்ச நேரம் போதும், இதில் மார்க் போட யாரும் வரப்போவதில்லை. எதைச் செய்தாலும் நெஞ்சு இறுகிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இதற்கென்று டாக்டர் இருப்பார், போய்ப் பார். பைண்டர் மாதிரி, என் மாதிரி, வாயைக் கட்டிக்கொண்டு இருக்காதே.

போன் பேசுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் அப்பாவிடம் பேசும்போது மெலிசாக இல்லாமல் கனத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் பேசு. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுவேன், இனிமேல் சும்மா சரி சரி என்று சொல்ல மாட்டேன். முக்கியமானதை எழுது. குளிர் காலம் வருகிறது என்றாயாம், அந்தக் கனத்த போர்வையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போர்த்திக்கொள். நீ சுகமாக இருக்க வேண்டும், நீ தொட்டுப் பார்க்கிறவர்களும் பிழைத்து எழுந்து வீடு போய்ச் சேர வேண்டும், பிழைக்காமல் போகிறவர்களுக்காக நீ உன்னைத் தண்டித்துக்கொள்ளக் கூடாது. அம்மாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காதில் அழுக்கு இல்லை, வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது மட்டும்தான் கொஞ்சம் மிச்சம் என்று. சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ சாப்பாட்டு மேஜையில் இத்தனை வருடமாக என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, இடப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காது தேடிக்கொண்டிருக்கும்
அப்பா